பெரியப்பாவின் கச்சேரிப் படம்: எந்தத் தப்பைத் திருத்துவது, எதை அப்படியே விடுவது?

கெடிலக்கரை:

எல்லோருக்கும் வணக்கம். கடலூர் மஞ்சக்குப்பத்திலிருந்து எழுதுகிறேன். காலமாகிவிட்ட என் பெரியப்பாவைப் பற்றி 42 நிமிடத்துக்கு ஒரு படம் எடுத்திருக்கிறேன். 1971லிருந்து 1984 வரை இந்த வட்டாரத்தில் பாட்டுக் கச்சேரி நடத்திய ஒரு மெல்லிசைக் குழுவில் ஆர்மோனியம் வாசித்தவர். பாடவும் செய்வார். வரி மறந்துபோனால் நிறுத்த மாட்டார். அதே மெட்டில், முன்னால் உட்கார்ந்திருப்பவரின் சட்டையைப் பற்றியோ சுண்டல் விற்கிற பையனைப் பற்றியோ இரண்டு வரி கட்டிப் பாடிவிட்டு, ஒன்றுமே நடக்காத மாதிரி சரணத்துக்குள் போய்விடுவார். அதற்காகவே ஒரு கூட்டம் வரும் என்று வீட்டில் சொல்வார்கள். அதனால் படத்தையும் சிரிப்புப் படமாகவே எடுத்தேன். பாட்டும் நிறைய உண்டு.

போன ஞாயிற்றுக்கிழமை மழை விட்டிருந்தது. வீட்டு மாடியில் வேட்டியைக் கட்டித் திரையிட்டேன். பெரியம்மா, குழுவில் தபேலா வாசித்த மாமா, பாங்கோஸ் வாசித்தவர், தெருக்காரர்கள் என்று முப்பது பேர் இருந்தார்கள். சிரிக்க வேண்டிய இடத்தில் எல்லாம் சிரித்தார்கள். ஆனால் சிரிக்கக் கூடாத ஓர் இடத்திலும் சிரித்துவிட்டார்கள், அதுதான் எனக்கு மூன்று நாளாகத் தூக்கம் இல்லாமல் செய்கிறது.

1974, தை மாதம், பெண்ணையாற்றில் ஆற்றுத் திருவிழா. பெரியப்பா முதன்முதலாகத் தனியாகப் பாடுகிற காட்சி. படத்திலேயே அமைதியான இடம் அது. ஆற்று மணலில் மொத்த ஜனமும் சிவப்பு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறது. தபேலா மாமா சத்தமாகவே கேட்டுவிட்டார்: "ஆத்து மணல்ல நாற்காலி யாரும்மா போட்டது? நாங்கள்லாம் மணல்லதானே குந்தியிருந்தோம்." மாடியே சிரித்தது. அதற்கு அப்புறம் பாட்டை யாரும் கேட்கவில்லை.

பிறகு ஆளுக்கு ஒன்றாகச் சொல்ல ஆரம்பித்தார்கள். அந்த 1974 காட்சியில் அவர் பாடுவது 'அன்னக்கிளி' படத்துப் பாட்டு. படம் வந்ததோ 1976ல். அகலக் காட்சியில் ஆற்றில் தண்ணீர் ஓடுகிறது, கிட்டே வந்தால் ஆறு காய்ந்து கிடக்கிறது (முதலாவதைத் தையிலும் இரண்டாவதைச் சித்திரையிலும் எடுத்தோம்). ஒரு அம்மாவின் கையில் சுருளிக்கிழங்கு இருக்கிறது, அடுத்த வெட்டில் காணோம், அதற்கு அடுத்ததில் மறுபடி இருக்கிறது. பெரியப்பாவாக நடித்த என் அண்ணனின் மீசை மூன்று அளவில் வருகிறது.

ஒன்று மட்டும் எனக்குப் புரியவில்லை. 14வது நிமிடத்தில் மேடையில் அவர் ஆர்மோனியம் வாசிக்கிற கிட்டக் காட்சி ஒன்று, ஐந்தாறு வினாடிதான் இருக்கும். அது வந்தபோது பெரியம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு, "இதுல மட்டும் அவரேதான்டி" என்றார்கள். மற்ற இடத்தில் எல்லாம் அண்ணன் நடிப்பது நன்றாக இருக்கிறது என்றுதான் சொன்னார்கள்.

மறுபடி எடுக்கக் கேமரா இரண்டு நாளுக்குத்தான் கிடைக்கும். சிரிப்புப் படத்துக்குப் போய் இவ்வளவு கவலையா என்று அண்ணன் கேட்கிறான். என்னால் அப்படி விட முடியவில்லை. முன்னோட்டத்தையும் முதல் 20 நிமிடத்தையும் இங்கே போட்டிருக்கிறேன். பார்த்துவிட்டு, எதை முதலில் திருத்த வேண்டும் என்று சொல்லுங்கள்.


பழைய தென்னாற்காடு:

அம்மாடி, இரண்டு தடவை பார்த்தேன். நான் தபால் துறையில் 34 வருடம் இருந்து ஓய்வு பெற்றவன், கடலூர்க்காரன். உன் பெரியப்பாவின் குழுவையே நான் கேட்டிருக்கவும் கூடும்.

முதலில் பெரிய தப்பைச் சொல்லிவிடுகிறேன். 1972 என்று போட்டுவிட்டு, பாண்டிச்சேரிக் கச்சேரி முடிந்து வரும்போது ஆல்பேட்டை சோதனைச்சாவடியில் போலீஸ் நிறுத்துகிறதே, அந்தக் காட்சி. ஆர்மோனியப் பெட்டிக்குள் பாட்டிலை ஒளித்து வைத்திருக்கிறார், போலீஸ்காரர் "ஒரு பாட்டு வாசிய்யா" என்கிறார், பெட்டியைத் திறக்கவும் முடியாமல் மறுக்கவும் முடியாமல் வாயாலேயே ஆர்மோனியம் வாசிக்கிறார். அருமையான காட்சி. ஆனால் 1972ல் அந்தப் பாட்டிலை அவர் ஒளிக்க வேண்டிய அவசியமே இல்லை. கலைஞர் ஆட்சியில் 1971லேயே மதுவிலக்கை ஒத்திவைத்துவிட்டார்கள். கடலூரிலேயே கடை இருந்தது. 1974ல்தான் மறுபடி மூடினார்கள். எங்கள் வயதுக்காரர்கள் அந்தக் காட்சியைப் பார்த்தால் சிரிக்க மாட்டார்கள், "ஏன் ஒளிக்கிறான்?" என்று பக்கத்தில் கேட்பார்கள். அந்தப் பயம் இருந்தால்தானே சிரிப்பு வரும்?

1975 என்று மாற்று, போதும். அதிலும் தை, மாசி என்று வைத்துக்கொள். ஜூனுக்கு அப்புறம் நெருக்கடி நிலை வந்துவிடுகிறது. அந்தப் போலீஸ்காரர் அப்படிச் சாவகாசமாகப் பாட்டுக் கேட்டுக்கொண்டு நிற்பாரா என்று எனக்குச் சந்தேகம்.

அடுத்தது கல்யாணப் பத்திரிகை. 1971 கல்யாணத்தில் 'கடலூர் 607001' என்று அச்சடித்திருக்கிறாய். அஞ்சல் குறியீட்டு எண் வந்தது 1972 ஆகஸ்ட் 15ஆம் தேதி. அன்றைக்கு முன்னால் அந்த ஆறு இலக்கம் நாட்டில் எங்கேயும் கிடையாது. அது வந்த புதிதில் ஜனங்கள் எழுத மாட்டார்கள், நாங்கள்தான் ஒவ்வொரு கடிதத்திலும் பார்த்துப் பிரிப்போம். அதனால் இது என் கண்ணில் குத்துகிறது, மற்றவர்களுக்குத் தெரியாமல் போகலாம். அதே பத்திரிகையில் 'கடலூர் மாவட்டம்' என்று இருப்பதுதான் எல்லோருக்கும் தெரியும். அப்போது நாம் தென்னாற்காடு மாவட்டம். 1993 செப்டம்பர் 30ஆம் தேதி பிரித்தார்கள். நான் இந்தப் பெயரை இங்கே வைத்துக்கொண்டிருப்பதே அதை யாரும் மறக்கக் கூடாது என்பதற்காகத்தான்.

பஸ்ஸில் 'தமிழ்நாடு அரசுப் போக்குவரத்துக் கழகம்' என்று இருக்கிறது. 1978ல் நம் பக்கம் 'தந்தை பெரியார்' பஸ்தான். தலைவர்கள் பெயரை எடுத்தது 1997ல். திருப்பாதிரிப்புலியூர் ஸ்டேஷன் காட்சியில் அகலப் பாதையும் மேலே மின்கம்பியும் தெரிகின்றன. இந்தப் பாதையில் மீட்டர் கேஜ் போய் அகலப் பாதையில் ரயில் ஓட ஆரம்பித்ததே 2010ல். அதைத் திருத்த முடியாது. தண்டவாளமே தெரியாமல் பெஞ்சு, டீ கிளாஸ், ஆர்மோனியப் பெட்டி இவற்றை மட்டும் காட்டு. நீராவி எஞ்சின் சத்தத்தைப் பின்னால் போடு. சத்தம் கேட்டாலே எங்களுக்கு அந்த ரயில் வந்துவிடும்.


முத்தியால்பேட்டை:

நானும் பார்த்தேன், போலீஸ் காட்சியில் விழுந்து விழுந்து சிரித்தேன். புதுச்சேரியில் திரையிடுவீர்களா? தேதி சொன்னால் அம்மாவையும் கூட்டி வருவேன்.


தூரிகை:

வணக்கம் தங்கச்சி. நான் புதுச்சேரியில் போர்டு எழுதுகிறவன். ஃப்ளெக்ஸ் வருவதற்கு முன்னால் இருந்து எழுதுகிறேன், என் அப்பாவும் அதேதான். உன் 1974 மேடையில் பின்னால் கட்டியிருக்கும் பேனரைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

அது ஃப்ளெக்ஸ் என்பது பளபளப்பிலேயே தெரிகிறது. காற்றில் துணி மாதிரி ஆடாமல் தகடு மாதிரி படபடக்கிறது. அதைக்கூட விடலாம், விளக்கைக் குறைத்தால் மறைந்துவிடும். எழுத்துதான் மறையாது. 'இன்னிசைக் கச்சேரி, மாலை 7 மணிக்கு' என்று இருக்கிறது. அந்த 'மாலை'யைப் பார். நாம் இன்றைக்கு எழுதுகிற மாதிரி ல-வுக்கு முன்னால் இரட்டைச் சுழி போட்டிருக்கிறது. 1974ல் அப்படி எழுத மாட்டார்கள். லை, ளை, ணை, னை இந்த நாலுக்கும் தனிச் சுழி கிடையாது. எழுத்தின் தலையிலிருந்தே யானைத் தும்பிக்கை மாதிரி ஒரு வளைவு மேலே எழுந்து முன்பக்கமாக இறங்கும். 'அண்ணா' என்று எழுதினால் ணா-வுக்குத் துணைக்கால் தனியாக நிற்காது, எழுத்தோடு சேர்ந்தே சுருண்டுவிடும். றா, னா இரண்டும் அப்படித்தான். பெரியார் பல வருடமாகத் தன் பத்திரிகையில் எழுதிவந்த சீர்திருத்த எழுத்தை எம்.ஜி.ஆர். அரசு ஏற்று ஆணை போட்டது 1978 அக்டோபரில்.

ஆணை வந்த மறுநாளே எல்லோர் கையும் மாறிவிடவில்லை. என் அப்பா வெகுநாள் தும்பிக்கை லை-தான் போட்டார். கடைக்காரர் கேட்டால் மட்டும் புதுசு. ஏனென்றால் அந்த வளைவில்தான் ஒருத்தனுடைய கை தெரியும். ஒரே இழுப்பில், பிரஷை எடுக்காமல், மேலே போகும்போது மெலிந்து இறங்கும்போது பருத்து வர வேண்டும். அப்பா எழுதிய லை எது, பக்கத்துத் தெருக்காரர் எழுதிய லை எது என்று பத்தடி தள்ளி நின்றே சொல்லிவிடுவேன். அதனால் உன் 1982 காட்சியில் பழைய எழுத்து இருந்தால்கூடத் தப்பில்லை. 1974ல் புது எழுத்து இருந்தால் தப்பு.

காடாத்துணி வாங்கிக் கொடு, நான் எழுதித் தருகிறேன். காசு வேண்டாம். அந்த எழுத்தை எழுதச் சொல்லி என்னிடம் யாரும் கேட்டே பல வருடம் ஆகிறது.


வெட்டு ஒட்டு:

படத்தொகுப்புதான் என் வேலை, இருப்பது லாஸ்பேட்டையில். அக்கா, எல்லாரும் சரியாகத்தான் சொல்கிறார்கள். நான் வேறு பக்கத்திலிருந்து வருகிறேன், ஏனென்றால் உங்கள் அண்ணன் கேட்ட கேள்வி நியாயமான கேள்வி. சிரிப்புப் படத்தில் காலம் தப்பினால் என்ன?

ஒன்றும் இல்லை, பார்க்கிறவனுக்கு அது வேண்டுமென்றே செய்தது என்று தெரிந்தால். 2022ல் 'வியர்ட்: தி அல் யாங்கோவிக் ஸ்டோரி' என்று ஒரு படம் வந்தது. அமெரிக்காவில் மற்றவர்களின் பாட்டு மெட்டில் கேலிப் பாட்டு எழுதுகிற வியர்ட் அல் யாங்கோவிக்கின் வாழ்க்கை. அவரே எழுதுவதில் பங்கெடுத்தார். நிஜத்தில் 1983ல் மைக்கேல் ஜாக்சனின் 'பீட் இட்' வந்தது, அதைக் கேலி செய்து இவர் 1984ல் 'ஈட் இட்' போட்டார். படத்தில் இவர் பாட்டுத்தான் அசல், ஜாக்சன் காப்பியடிக்கிறார். 1996ல் எழுதிய 'ஆமிஷ் பாரடைஸ்' பாட்டை 1985ல் நடக்கிற காட்சியில் பாடுகிறார். அந்தக் காட்சி முடிவில் ஆளே செத்துப்போகிறார். நிஜத்தில் உயிரோடு இருக்கிறார், அந்தப் படத்திலேயே இசை நிறுவன முதலாளியாக நடித்தும் இருக்கிறார். இதை யாராவது தப்பு என்று சொல்வார்களா? முதல் பத்து நிமிடத்திலேயே படம் நம்மோடு பேசிவைத்துக்கொண்டுவிடுகிறது.

'வாக் ஹார்ட்' என்று 2007ல் இன்னொன்று. பாடகனுக்கு 14 வயது என்று காட்சியில் சொல்கிறார்கள், நடிப்பவர் நாற்பதைத் தாண்டிய ஜான் சி. ரெய்லி. உங்கள் படத்திலும் அதே இருக்கிறது அக்கா! உங்கள் அண்ணன் தொப்பையோடு அரை டிரவுசர் போட்டுக்கொண்டு பள்ளிக்கூடப் பாட்டுப் போட்டியில் நிற்கிறாரே, அதை யாரும் உங்களிடம் தப்பு என்று சொல்லவில்லை, கவனித்தீர்களா? அதைத் தொடாதீர்கள்.

இதற்கு எதிர்ப்பக்கம் 'பொஹிமியன் ராப்சடி'. குவீன் குழுவின் கதை, சிரிப்புப் படம் இல்லை. எழுபதுகளின் நடுவில் அவர்களுடைய முதல் அமெரிக்கச் சுற்றுப்பயணம் என்று காட்டும்போது 1978ல் வந்த 'ஃபேட் பாட்டம்ட் கேர்ள்ஸ்' பாட்டைப் பாடுகிறார்கள். படத்தொகுப்புக்கு ஆஸ்கர் வாங்கிய படம் அது. ஆனாலும் குவீன் ரசிகர்கள் இன்றைக்கும் விடவில்லை. உங்கள் 'அன்னக்கிளி' அதே இனம். அந்தப் பாட்டு வந்து தமிழ்நாட்டுக் காதையே மாற்றியது, அதற்கு முன்னால், பின்னால் என்று ஜனங்கள் காலத்தைப் பிரித்து வைத்திருக்கிறார்கள். இரண்டு வருடம் முந்தினால் பெரியவர்களுக்கு உடனே தெரியும்.

சரி, இப்போது 14வது நிமிடம். அந்தக் காட்சியை நான் ஒவ்வொரு பிரேமாக நிறுத்திப் பார்த்தேன். நீங்கள் அதை இடவலமாகத் திருப்பிப் போட்டிருக்கிறீர்கள், இல்லையா? சட்டைப் பை வலது பக்கத்தில் இருக்கிறது. துருத்தியை வலது கையால் அழுத்துகிறார், கட்டைகளை இடது கையால் வாசிக்கிறார். மற்ற எல்லாக் காட்சியிலும் இடது கையில் துருத்தி, வலது கையில் கட்டை. முந்தைய வெட்டில் தபேலாக்காரர் எந்தப் பக்கம் பார்க்கிறாரோ அதற்கு இவர் முகம் ஒத்துவரவில்லை என்று திருப்பியிருப்பீர்கள். நாங்களும் அவசரத்துக்குச் செய்வோம். ஆனால் வாத்தியம் வாசிக்கிறவரைத் திருப்பவே கூடாது. தவில்காரரைத் திருப்பினால் குச்சி கை மாறிவிடும், புடவை கட்டியவரைத் திருப்பினால் முந்தானை வலது தோளுக்குப் போய்விடும். பார்க்கிறவருக்கு என்ன என்று சொல்லத் தெரியாது, ஆனால் ஏதோ உறுத்தும்.

உங்கள் பெரியம்மாவுக்கு அது உறுத்தாமல் அங்கே மட்டும் அவர் தெரிந்திருக்கிறார் என்பது எனக்கு ஆச்சரியமாக இருக்கிறது. அவர் இடதுகைப் பழக்கம் உள்ளவரா?


உப்பனாறு:

நாற்காலி, பஸ், பேனர் எல்லாம் சரிதான். ஆனால் இரண்டு நாள்தான் கேமரா என்றால் அதை இதிலெல்லாம் செலவழிக்கச் சொல்ல மாட்டேன். இது இசைக்காரரைப் பற்றிய படம். முதலில் காதைச் சரிசெய்யுங்கள்.

நான் 1986லிருந்து கச்சேரிகளில் கீபோர்டு வாசித்தவன். ஆற்றுத் திருவிழாப் பாட்டைக் கண்ணை மூடிக்கொண்டு கேளுங்கள். பல்லவி ஒரு கட்டைச் சுருதியில் இருக்கிறது. சரணத்தில் கேமரா மாறுகிறது, சுருதி அரைக் கட்டைக்கு, அதாவது ஓர் அரைச்சுரத்துக்கு, கொஞ்சம் குறைவாக ஏறிவிடுகிறது. பல்லவிக்குத் திரும்பினால் மறுபடி இறங்குகிறது. பாடகர் மட்டும் என்றால் தடுமாறினார் என்று நினைக்கலாம். ஆர்மோனியமும் சேர்ந்து ஏறுகிறது. ஆர்மோனியத்தில் இருப்பது உலோக ரீடு. நடுப்பாட்டில் அதன் சுருதி ஏறவே ஏறாது.

என் ஊகம் இதுதான்: இரண்டு கேமராவில் ஒன்றில் வினாடிக்கு 24 பிரேம், இன்னொன்றில் 25 பிரேம் வைத்து எடுத்திருக்கிறீர்கள். தொகுக்கும்போது 24ஐ 25ஆக ஓட்டிவிட்டீர்கள். 4 சதவீதம் வேகம் கூடும், சுருதியும் கூடவே ஏறும். முழு அரைச்சுரம் ஏறாது, அதில் ஏறக்குறைய 70 சதவீதம் ஏறும். அதனால்தான் ஒரு கட்டையும் இல்லாமல் ஒன்றரையும் இல்லாமல் நடுவில் தொங்குகிறது. இதைத் திருத்தக் காசே வேண்டாம், கணினியிலேயே முடிந்துவிடும்.

அப்புறம் 1976 காட்சியில் மேடையில் கேசியோ இருக்கிறது. கேசியோ நிறுவனம் தன் முதல் மின்னணு கீபோர்டை விற்க ஆரம்பித்ததே 1980ல். அதற்கு முன்னால் அவர்கள் கால்குலேட்டரும் கைக்கடிகாரமும் செய்துகொண்டிருந்தார்கள். வசதியான குழு என்றால் காம்போ ஆர்கன் என்கிற சின்ன மின்சார ஆர்கன் இருக்கும், இல்லாவிட்டால் அக்கார்டியன். அதுவும் இல்லாவிட்டால் உங்கள் பெரியப்பா மாதிரி ஓர் ஆர்மோனியக்காரர்தான் எல்லாம். அந்த மேடையில் கேசியோவை வைத்தால், அவர் ஏன் குழுவுக்கு வேண்டியிருந்தார் என்பதே போய்விடுகிறது. 1984ல் ஏன் நிறுத்தினார் என்பது உங்கள் படத்தில் இல்லை. கீபோர்டு வந்ததும் ஒரு காரணமாக இருக்கலாம். தபேலா மாமாவைக் கேட்டுப் பாருங்கள். நான் கீபோர்டோடு போய் உட்கார்ந்த முதல் குழுவில், அதுவரை ஆர்மோனியம் வாசித்தவர் கீழே முதல் வரிசையில் உட்கார்ந்து முழுக் கச்சேரியும் கேட்டார். எனக்கு 19 வயது. அவர் முகத்தைப் பார்த்து என்னால் வாசிக்க முடியவில்லை.


கெடிலக்கரை:

எல்லோருக்கும் நன்றி. நேற்று ராத்திரி முழுக்க இதையேதான் படித்துக்கொண்டிருந்தேன்.

உப்பனாறு ஐயா, 24, 25 நீங்கள் சொன்னபடியேதான். சரிசெய்துவிட்டேன், பாட்டு இப்போது ஒரே இடத்தில் நிற்கிறது. கேசியோ வருகிற காட்சியை 1983க்கு நகர்த்துகிறேன். தபேலா மாமாவிடம் கேட்டேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "அதை நீ படத்துல வை" என்று மட்டும் சொன்னார். வைக்கிறேன்.

பழைய தென்னாற்காடு ஐயா, பாட்டில் காட்சி இனி 1975 தை மாதம். பத்திரிகையை மறுபடி அச்சடிக்கிறேன், 'தென்னாற்காடு மாவட்டம்' என்றே இருக்கும், எண் இருக்காது. ரயில் காட்சியில் பெஞ்சு மட்டும். பஸ்ஸை எடுத்துவிட்டேன். அண்ணனின் அரை டிரவுசர் அப்படியே இருக்கும். மீசை மூன்று அளவில் இருப்பதை என்ன செய்வது என்று தெரியவில்லை, அதை விட்டுவிடுகிறேன்.

வெட்டு ஒட்டு தம்பி, திருப்பிப் போட்டது உண்மைதான். ஒரு ராத்திரி இரண்டு மணிக்குச் செய்தேன், செய்ததையே மறந்துபோயிருந்தேன். பெரியப்பா இடதுகைக்காரர் இல்லை. அதனால் காலையில் பெரியம்மாவிடம் அந்தக் காட்சியை மட்டும் மறுபடி போட்டுக் காட்டி, இதில் என்ன பார்த்தீர்கள் என்று கேட்டேன். முகம் நல்லாயிருக்கு, கை நல்லாயிருக்கு என்று சொல்லிக்கொண்டே வந்தவர்கள், திரையில் விரலை வைத்து, "இந்தா, வாட்ச்சு" என்றார்கள்.

பெரியப்பா வாட்சை வலது கையில்தான் கட்டுவாராம். இடது கையில் கட்டினால் துருத்தி அழுத்தும்போது பெட்டி விளிம்பில் கண்ணாடி இடிக்கும். கல்யாணத்துக்குப் பெரியம்மா வீட்டில் போட்ட எச்.எம்.டி. வாட்சு, முதல் மாதத்திலேயே அப்படிக் கீறல் விழுந்துவிட்டது. அன்றிலிருந்து வலது கைக்கு மாற்றிக்கொண்டார், வாசிப்பதை நிறுத்திய பிறகும் மாற்றவில்லை. அண்ணன் தன் பழக்கத்தில் இடது கையில் கட்டி நடித்திருக்கிறான். படம் முழுக்க இடது கை. நான் தப்பாகத் திருப்பிப் போட்ட அந்த ஐந்தாறு வினாடியில் மட்டும் வாட்சு வலது கைக்கு வந்திருக்கிறது.

மாடியில் முப்பது பேர் அத்தனை தப்பைச் சொன்னார்கள், இதை ஒருவர்கூடச் சொல்லவில்லை. சொல்லக்கூடிய ஒரே ஆள் பெரியம்மா. அவர்களும் தப்பு என்று சொல்லவில்லை, சரியாக இருந்த இடத்தைத்தான் சொன்னார்கள்.

ஆக, எதை முதலில் எடுப்பது என்று எனக்குத் தெரிந்துவிட்டது. முதல் நாள் முழுக்க மேடைக் காட்சிகள்தான். துருத்தி இடது கையில், வாட்சு வலது கையில். பெரியம்மா பீரோவிலிருந்து அந்த வாட்சையே எடுத்துக் கொடுத்துவிட்டார்கள். கண்ணாடியில் அந்தக் கீறல் இருக்கிறது, ஆறு மணிக்குப் பக்கத்தில் குறுக்காக. சாவி கொடுத்தேன், ஓடுகிறது. இரண்டாம் நாள் தை 5, ஆற்றுத் திருவிழா அன்று விடியற்காலையிலேயே போய், கூட்டம் வருவதற்கு முன்னால் தெருக்காரர்களை மணலில் உட்காரவைத்து எடுக்கப் போகிறோம். தபேலா மாமாவும் உட்காருவதாகச் சொல்லியிருக்கிறார். பாட்டு எது என்று அவரே தேர்ந்தெடுப்பாராம், 1974க்கு முன்னால் வந்ததாக.

தூரிகை அண்ணே, மேடை 14 அடி அகலம். காடாத்துணி எவ்வளவு வாங்க வேண்டும்?


தூரிகை:

அஞ்சு மீட்டர் வாங்கு, இரண்டு பக்கமும் மடித்துத் தைக்க வேண்டும். துவைத்துக் கஞ்சி போட்டுக் காயவைத்துக் கொண்டு வா, இல்லாவிட்டால் பெயின்ட் ஊறிப் பரவிவிடும். பொங்கலுக்கு முந்தின வாரம் வந்தால் ஒரே நாளில் முடித்துவிடலாம். பெரியம்மாவையும் கூட்டிக்கொண்டு வா. அந்தக் காலத்துப் பேனரில் குழுவின் பெயர் என்ன நிறத்தில் இருந்தது என்று அவர்களுக்குத்தான் தெரியும்.